தூக்கம் வந்தால் வண்டி நிற்கும்

போன வியாழக்கிழமை என்னை ஒரு வகுப்பறையில் நிறுத்திவிட்டார்கள்.

பயப்படாதீர்கள், பேசுவதற்காகத்தான். நான் படித்த காலத்தில் வகுப்பில் நின்றதெல்லாம் பெஞ்சு மேல். கரும்பலகைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து நிற்பது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்பையே இரண்டாவது முயற்சியில் தாண்டியவன் நான்.

அது என் மகள் யாழினி படிக்கிற ஒன்பதாம் வகுப்பு. வாரம் ஒரு பெற்றோர் வந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று அந்த வகுப்பு டீச்சர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். எனக்கு முந்தின வாரம் வந்தவர் பேங்க் மேனேஜர். அதற்கு முந்தின வாரம் ஒரு நர்ஸ். இந்த வாரம் நான். கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 'நிதானம் டிரைவர் ஏஜென்சி'யின் ஓனர். மேனேஜரும் நான்தான். கூட்டிப் பெருக்குவதும் நான்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி எழுதியதற்கு, "நீங்க டிரைவர்தானே, ஒங்களுக்கு எப்பவுமே ஜன்னல் சீட்டுதான், எங்க கஷ்டம் தெரியுமா?" என்று கேட்டிருந்தீர்கள் சிலர். நியாயமான கேள்வி. இந்த வாரம் அந்த ஜன்னல் சீட்டின் கஷ்டத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

"ஆக்டிங் டிரைவர் ஏஜென்சி" என்று டீச்சர் அறிமுகம் செய்ததுமே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், எந்தப் படத்துல நடிச்சீங்க?"

வகுப்பே சிரித்தது. யாழினி மட்டும் டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம்தானே?

நடிப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகளே. சிலரிடம் கார் இருக்கும், ஓட்டத் தெரியாது. சிலருக்கு ஓட்டத் தெரியும், வயதாகியிருக்கும். சிலர் வெளியூரிலிருந்து விசேஷத்துக்கு வந்திருப்பார்கள்; வீட்டில் வண்டி நிற்கும், எடுக்க ஆள் இருக்காது. அவர்கள் எனக்கு ஃபோன் செய்வார்கள். நான் ஒரு டிரைவரை அனுப்புவேன். அவ்வளவுதான் தொழில்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்துத் தொடங்கினேன்.

எனக்கு வந்த முதல் ஃபோனே, "ஒரு டிரைவர் அனுப்புங்க, கொஞ்சம் திடமான ஆளா" என்றது. ஆனந்தமாக நானே போனேன். போய்ப் பார்த்தால், வண்டி ஆறு மாதமாக ஸ்டார்ட் ஆகவில்லை. மெயின் ரோடு வரை தள்ளுவதற்கு ஆள் கேட்டிருக்கிறார்கள்! தள்ளிவிட்டுத்தான் வந்தேன். முதல் சவாரி ஆயிற்றே... விட மனசு வருமா?

ஏஜென்சிக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தபோது என் மனைவி செல்வி சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "அவசரமாப் போறவன்தான் டிரைவரக் கூப்பிடுவான். அவன்கிட்டப் போயி நிதானம்னு போர்டு வச்சா எவன் வருவான்? பேசாம ஆமைன்னே வச்சிருக்கலாம்ல?"

இப்படிச் சிரிக்கச் சிரிக்கத்தான் வகுப்பிலும் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகவே போனது. டீச்சருக்கும் சந்தோஷம். முடிக்கும் நேரம் அவரே எழுந்து, பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'கஸ்டமர் சொல்வதே சரி.'

"பாத்தீங்களா பிள்ளைங்களா? சார் தனியா கடை போட்டு ஜெயிச்சதுக்கு இதுதான் காரணம். இல்லையா சார்?"

நான் தலையாட்டியிருக்கலாம். வந்தவன் கைதட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆனால் முதல் பெஞ்சில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், கஸ்டமர் தப்பாச் சொன்னா என்ன செய்வீங்க?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

*

அரிமளம் பக்கம் ஒரு பெரிய குடும்பம். பரம்பரையாக வியாபாரம். இப்போது எல்லோரும் சென்னையில் இருக்கிறார்கள். ஊரில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்கு முன்னால் ஷெட். ஷெட்டில் ஒரு வேன். கோயில், கல்யாணம், காதுகுத்து என்று வந்தால் அந்த வேனை எடுக்க ஆள் வேண்டும். அந்தக் குடும்பத்தில் பொறுப்பாக எல்லாவற்றையும் பார்க்கிறவரை 'அரிமளத்து சார்' என்றே வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். நல்ல மனிதர். கோபக்காரர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாதா என்ன?

என் ஏஜென்சிக்குக் கிடைத்த பெரிய கஸ்டமர் அவர்தான். அவர் சொன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நாலு வீடு என்னைக் கூப்பிடும். அந்த வருடம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. ஒரு வாரத்துக்கு எங்கள் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் வேலை. அந்தக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தால் போதும், முதல் வருடத்தைத் தாண்டிவிடலாம் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும் அல்லவா? அவர்கள் கோயில் எங்கள் கீரனூரைத் தாண்டி உள்ளே, முந்திரிக் காட்டுக்கு நடுவில். வேனை எடுக்க நான் அனுப்பிய ஆள் ஆரோக்கியம். ஆவூர்க்காரர். அந்த ஊர் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவர். என்னோடு பழைய முதலாளியிடம் வேலை பார்த்தவர். நான் தனியாகக் கடை போட்டதும், "அண்ணே, நானும் வாரேன்" என்று கூடவே வந்துவிட்டவர்.

அதிகாலையிலேயே திருச்சி ஜங்ஷனில் போய் ரயிலில் வந்தவர்களை ஏற்றி, அரிமளத்துக்குக் கொண்டுபோய், அங்கே குளித்துத் தயாரானவர்களை ஏற்றி, திரும்பவும் கோயிலுக்கு. பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சமைத்துச் சாப்பிட மதியம் தாண்டிவிட்டது. ஆரோக்கியத்தையும் இலையில் உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல் கறி வைத்திருக்கிறார்கள். அது அந்த வீட்டுப் பெருந்தன்மை. குறை சொல்லவே முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். விடியும் முன்பே எழுந்த உடம்பு. வயிறு நிறையக் கிடாக்கறி. மேலே சித்திரை வெயில். வேனுக்குள்ளே ஜில்லென்று ஏசி. முன்னால் நேர்கோடாக ரோடு.

என்ன வரும்?

நார்த்தாமலை தாண்டியதும் வந்தது. ஒரு தடவை இமை மூடித் திறந்திருக்கிறது. அதற்குள் ஓரக்கோடு பக்கத்தில் வந்துவிட்டது. ஆரோக்கியம் அடுத்த நிமிஷம் இண்டிகேட்டர் போட்டு, ஒரு புளியமரத்து நிழலில் வேனை ஓரங்கட்டிவிட்டார்.

இது எங்கள் ஏஜென்சியின் விதி. யார் வண்டியாக இருந்தாலும், உள்ளே யார் இருந்தாலும், தூக்கம் வந்தால் நிறுத்து. கால் மணி நேரம் தூங்கு. அப்புறம் எடு. முகத்தில் தண்ணீர் அடிப்பது, பச்சை மிளகாயைக் கடிப்பது, ஜன்னலைத் திறந்து பாட்டுப் பாடுவது... எல்லாம் வருஷக்கணக்கில் செய்து பார்த்தவன் சொல்கிறேன். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.

ஆனால் அன்றைக்கு ஒரு சிக்கல் இருந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். குலதெய்வத்துக்குப் பூசை போட்டுவிட்டு வரும்போது நடுவில் எங்கும் இறங்கக் கூடாது. கடை கண்ணிக்குப் போகக் கூடாது. இன்னொருவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நேராக வீட்டுக்கு வர வேண்டும். சாமியும் கூடவே வீடு வரைக்கும் வருகிறது என்று நம்பிக்கை. என் வீட்டிலும் அதே வழக்கம்தான்.

ஆரோக்கியத்துக்கு இது தெரியாதா? இந்த மாதிரி எத்தனை குடும்பங்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனவர்! திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "ஐயா, யாரும் எறங்க வேணாம். ஒங்க வழக்கம் எனக்குத் தெரியும். எல்லாரும் அப்படியே உக்காந்திருங்க. ஏசி ஓடட்டும். கால் மணி நேரம் கண்ண மூடிக்கிறேன். அப்புறம் நேரா வீடுதான்."

சொல்லிவிட்டு சீட்டைச் சாய்த்தார். தூங்கிவிட்டார்.

வேன் நிறைய ஜனம். இறங்க வழக்கம் விடாது. எடுத்து ஓட்ட ஆள் இல்லை. சாருக்குக் கார் ஓட்ட வரும், வேன் வராது. பக்கத்தில் பொங்கல் பானை. முன்னால் ஆரோக்கியத்தின் குறட்டை.

என் ஃபோன் அடித்தது.

"என்னங்க இது? ஒங்க டிரைவர் தூங்குறாருங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூங்குறாரா? சார், சார்... வண்டி ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது! நட்ட நடு ரோட்டுல நிக்குது!"

"நடு ரோட்டுலயா?"

"ஓரமாத்தான். அதுவா இப்ப பேச்சு?"

"ஓரமா நிக்குதுன்னா சரிங்க சார். பயமில்ல."

இப்படி நான் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "சரியா? என்னங்க சரி? சாமி கும்பிட்டு வந்துகிட்டிருக்கோம். வண்டி நடுவுல நிக்கலாமா? நல்ல காரியத்த வீட்டுல வச்சுக்கிட்டு... எழுப்புங்க அந்தாள! ஃபோனக் காதுல வைக்கிறேன், நீங்களே எழுப்புங்க!"

வைத்தும் விட்டார். குறட்டை தெளிவாகக் கேட்டது. ஏறி இறங்கி, நல்ல ஆரோக்கியமான குறட்டை.

பிள்ளைகளே, உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கூப்பிட வாயெடுத்தேன். கல்யாணம், ஒரு வார வேலை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "ஆரோக்கியம்" என்று ஒரு சத்தம் போட்டால் எழுந்துவிடுவார். அரைத் தூக்கத்தில் சாவியைத் திருகுவார். அந்த வேனில் குழந்தைகள் இருந்தார்கள்.

நான் கூப்பிடவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

கால் மணி நேரத்தில் ஆரோக்கியம் தானாக எழுந்து, தண்ணீர் குடித்து, எல்லோரையும் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

*

மறுநாள் காலையில் சாரின் ஃபோன். கோபமெல்லாம் ஆறிப்போயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ரெண்டே விஷயந்தாங்க. அந்தாளு இங்க வந்து எங்க பெரியம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் நீங்க அவர வேலையிலேர்ந்து எடுத்துறணும். செஞ்சிட்டீங்கன்னா கல்யாண வேலை ஒங்களுக்குத்தான். இல்லைன்னா வேற ஆள் பாத்துக்கிறோம். யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று எங்கள் வீட்டில் நடந்ததுதான் உண்மையான மீட்டிங். செல்வி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்துட்டேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிருங்களேன். ஆரோக்கியண்ணனத் திருச்சிப் பக்கம் சவாரிக்கு அனுப்பிக்கங்க. அரிமளத்துக்கு வேற ஆள் போகட்டும். அவுகளுக்கு எப்புடித் தெரியப் போகுது?"

புத்திசாலித்தனமான யோசனைதான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அதற்குள் ஆரோக்கியமே வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அண்ணே, நான் போயிக் கேட்டுட்டு வாரேன். கால்ல விழச் சொன்னாலும் விழுறேன். வயசுல பெரியவுகதானே, எனக்கு என்ன கொறைஞ்சிரப் போகுது? ஒங்க கடை நிக்கணும்ணே."

"எதுக்கு மன்னிப்புக் கேப்பீங்க?"

"தூங்குனதுக்கு."

"தப்புப் பண்ணுனீங்களா?"

"இல்லண்ணே. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். இன்னைக்கு நீங்க தூங்குனதுக்கு மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு நம்ம டிரைவர் எவனும் வண்டிய ஓரங்கட்ட மாட்டான். கண்ண உருட்டிக்கிட்டே ஓட்டுவான். நாம போட்ட விதிய நாமளே குழி தோண்டிப் பொதைச்சிட்டு அப்புறம் என்ன 'நிதானம்'?"

செல்வி சப்பாத்திக் கட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப கல்யாண வேலை?"

நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

புதுக்கோட்டையில் பஸ் மாறும் இடத்தில் பழைய முதலாளியின் ஃபோன். டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்குள் செய்தி எப்படித்தான் பறக்குமோ! "கேள்விப்பட்டேன் தம்பி. முதலாளியா இருக்கது அம்புட்டு லேசில்ல, பாத்தீங்களா? சங்கடப்படாதீங்க. ஒங்க வண்டிச் சாவி இன்னும் அதே ஆணியிலதான் தொங்குது. எப்ப வேணும்னாலும் வாங்க."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் குத்தியது. எத்தனையோ வருஷம் அந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அதே ஆணியில் மாட்டியவன் நான். கண் எரிய எரிய வந்து நின்றாலும் "அடுத்த பார்ட்டி வெயிட் பண்றாங்க தம்பி" என்று திரும்பவும் அந்தச் சாவியைக் கையில் திணிப்பார்கள். அந்த ஆணியைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்றுதான் ஏஜென்சியே தொடங்கினேன்.

அரிமளத்து வீட்டில் நல்ல மரியாதை. நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. சார் எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. என்ன முடிவு பண்ணீங்க?"

"சார், நீங்க சாமி விஷயம் சொன்னீங்க. எங்க வீட்டுலயும் அதே வழக்கந்தாங்க. நாங்களும் பூசை முடிச்சு நேரா வீட்டுக்குத்தான் வருவோம்."

"அப்பறம்? ஒங்களுக்கே தெரியுதுல்ல? அந்தாளு வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு, அவருக்கு வேணா இதோட அருமை தெரியாம இருக்கலாம்."

"அவருக்குத் தெரியாட்டி ஒங்கள எறங்க வேணாம்னு ஏன் சார் சொல்றாரு? ஒங்களுக்கு ஞாபகம் வர்றதுக்கு முந்தியே சொன்னாரே."

உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பூசை பண்ணிட்டு வீடு வந்து சேரணும்ல சார்? அதுக்குத்தான் நிறுத்துனாரு. சாமி கூட வந்திருந்தா அதுவும் ஓரமா நிறுத்துன்னுதான் சொல்லியிருக்கும்."

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று உடனே தெரிந்தது. அவர் முகம் இறுகிவிட்டது.

"அப்ப அவர நீங்க எடுக்க மாட்டீங்க."

"மாட்டேங்க."

"மன்னிப்பும் கேக்க மாட்டாரு."

"அவரு கேக்குறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"சரி. கல்யாணத்துக்கு நாங்க வேற எடத்துல சொல்லிக்கிறோம்."

"சொல்லிக்கங்க சார். யார வச்சாலும், அவுகளுக்கு நல்லாத் தூங்க எடம் குடுங்க. கல்யாண வீட்டு டிரைவர் எப்பவும் ஸ்டீயரிங் மேலதான் தூங்குவான்."

காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வாசல் வரைக்கும் நடை நன்றாகவே இருந்தது. தெருமுனை திரும்பியதும் ஒரு மின்கம்பத்தடியில் நின்று, கைவிட்டுப் போன வேலையின் கணக்கை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்வி அடுப்பை அணைத்தாள். பிறகு, "போனாப் போகுது. கை கழுவிட்டு வாங்க" என்றாள். தட்டை வைத்துவிட்டு, "போர்டுல இன்னும் எடம் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எல்லாரும் ஏறுன பெறகு கோபப்படுறதுக்குப் பதிலா, நம்ம விதியக் கூப்பிடுறதுக்கு முந்தியே தெரிஞ்சிக்கட்டுமே."

மறுநாள் பெயிண்டரைக் கூட்டி வந்தேன். 'நிதானம் டிரைவர் ஏஜென்சி' என்பதற்குக் கீழே, சிவப்பு எழுத்தில்: 'எங்கள் டிரைவருக்குத் தூக்கம் வந்தால் வண்டி நிற்கும்.'

ஏணியிலிருந்து பெயிண்டர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஊருல எல்லாரும் 'இருபத்து நாலு மணி நேர சேவை'ன்னு எழுதுவாங்க. நீங்க தூங்குவோம்னு எழுதச் சொல்றீங்க. இதப் பாத்துட்டு எவண்ணே வருவான்?"

"வர்றவன் வரட்டும். நீங்க பெரிசா எழுதுங்க."

*

இந்த இடத்தில், "அப்புறம் அந்த போர்டைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்" என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் உங்களிடம் எதற்குப் பொய்?

வரவில்லை.

அரிமளத்துக் கல்யாணம் நடந்தது. வேறு டிரைவர்கள் ஓட்டிய கார்கள் திருச்சியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு என் போர்டுக்கு முன்னாலேயே வரிசையாகப் போயின. சார் சொல்லி வந்த வீடுகளும் ஃபோன் செய்வதை நிறுத்தின. எங்கள் டிரைவர்களில் இரண்டு பேர் வருத்தத்தோடு வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் சிலர் என்னைப் பார்த்ததும் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். "என்ன ஓனரே, கடை முழிச்சிருச்சா?" என்பார்கள்.

ஓனரே இறங்கி சவாரிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர்கள், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள், பெண் பார்க்கப் போகிற கூட்டம்... கிடைத்ததையெல்லாம் ஓட்டினேன். தூக்கம் வந்தபோது நிறுத்தினேன். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் காரில் வைத்துக்கொண்டு இலுப்பூர் ரோட்டில் தூங்கினேன். எழுந்து பார்த்தால் மாப்பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், முந்தின ராத்திரி பயத்தில் தூங்கவில்லையாம். தெளிந்த முகத்தோடு போய் இறங்கினார். பெண் வீட்டுக்குப் பிடித்துவிட்டது.

அப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டிய அம்மாக்கள் சிலர், "அந்தத் தூங்குற போர்டுக்காரவுக நம்பர் குடுங்க" என்று கேட்டு வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். பெரிய கூட்டமில்லை. கடை மூடாமல் இருக்கிற அளவுக்கு. பழைய முதலாளியின் ஆணியில் அந்தச் சாவி இன்னும் தொங்குகிறதாம். தொங்கட்டும்.

வகுப்பில் இதை முடித்ததும் அந்த இரட்டைப் பின்னல் மறுபடியும் கையைத் தூக்கியது. "சார், அந்த அரிமளத்து சார் திரும்ப வந்தாரா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க தோத்துட்டீங்களா?"

டீச்சர் அவளை முறைத்தார். நான், "தெரியலம்மா. ஆனா கடை தெறந்திருக்கு, ஆரோக்கியம் உள்ளதான் இருக்காரு" என்றேன்.

டீச்சர் நல்லவர். நான் கிளம்பும்போது பலகையில் எழுதியிருந்ததை அவரே துடைத்தார். மணி அடித்ததால் துடைத்தாரா, நான் சொன்னதற்காகத் துடைத்தாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை. யாழினி இப்போது டெஸ்கிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். எனக்கு அது போதும்.

இந்தப் பத்தியை இங்கேயே முடித்திருக்க வேண்டும். ஆனால் இன்று மதியம், ஆபீஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. அரிமளத்து நம்பர்.

"நான்தாங்க. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேங்க சார். சொல்லுங்க."

"பேரப்புள்ளைங்கள்லாம் வருதுங்க. நாளைக்கு மதுரை ஏர்போர்ட்டுலேர்ந்து கூட்டியாரணும். கைக்கொழந்தை வேற இருக்கு. அதான்... ஒரு ஆள் அனுப்புங்க."

"அனுப்புறேங்க."

"பழசையெல்லாம் விட்டுருவோம். ஒண்ணே ஒண்ணு. தூங்காத ஆளா அனுப்புங்க."

"எங்ககிட்ட அப்படி ஆளே கெடையாதுங்க சார்."

"இன்னும் மாறவே இல்லையா நீங்க?" குரல் ஏறியது. பழைய குரல். "எங்கங்க அந்தாளு? அந்த ஆரோக்கியம்? இன்னும் அங்கதான் இருக்காரா?"

திரும்பிப் பார்த்தேன். காலையில் திருச்சி போய்வந்த ஆரோக்கியம் மாடிப்படிக்குக் கீழே, பெஞ்சில், துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். நார்த்தாமலையில் கேட்ட அதே குறட்டை.

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தூங்குறாரு."

வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம், ரகசியம் சொல்வது போல ஒரு குரல் வந்தது: "சரி... எந்திரிச்சதும் கூப்பிடச் சொல்லுங்க."

இதை எழுதி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பப் போவதில்லை.